மங்கிப்போன கார்பன் ஃபைபரை மெருகேற்றுவது: பெங்களூரு கார்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஸ்பாய்லரோ, பானெட்டோ, சைடு மிரர் கவரோ, கார்பன் ஃபைபர் பாகம் மங்கிவிட்டது என்று சொல்கிறோம். உண்மையில் மங்குவது கார்பன் இல்லை. கார்பன் இழை வெயிலில் வெளுக்காது, மஞ்சளாகாது, துருவும் பிடிக்காது. அந்த இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் எபாக்ஸி ரெசின்தான் புற ஊதாக் கதிர் பட்டு மஞ்சளாகிறது. ரெசினைக் காப்பாற்ற மேலே அடித்திருக்கும் கிளியர் கோட் என்ற நிறமில்லாப் பூச்சு கீறும், வெளுக்கும், கடைசியில் உரியும். கண்ணாடி போட்ட கல்யாண போட்டோவை நினைத்துக்கொள்ளுங்கள். அழுக்கானால் கண்ணாடியைத்தான் துடைப்போம், மணமக்கள் முகத்தைத் தேய்க்க மாட்டோம். ஆகவே இந்த வேலை முழுக்க ஒரே கணக்குதான்: மேலே எவ்வளவு பூச்சு மிச்சம் இருக்கிறது, அதில் எவ்வளவைத் தேய்த்துச் செலவழிக்கப் போகிறோம்? வழக்கமான கார் கிளியர் கோட் 40 முதல் 50 மைக்ரான் வரைதான் இருக்கும், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. தேய்த்துப் போனது திரும்பி வராது.

பெங்களூரில் இருக்கிறவர்கள் ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடுவார்கள். ஊர் குளுகுளுவென்று இருக்கிறதே, வெயில் என்ன செய்துவிடும் என்று தோன்றும். சென்னை வெயிலில் வியர்த்துக் கொட்டும், இங்கே அவ்வளவாக வியர்க்காது, அவ்வளவுதான் வித்தியாசம். இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோடை நடுப்பகலில் யுவி, அதாவது புற ஊதாக் கதிர், குறியீடு 11-ஐத் தாண்டுவது சகஜம். அதோடு உப்பு நிறைந்த போர்வெல் தண்ணீர், தெருவுக்குத் தெரு கட்டட வேலைத் தூசி, தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தினால் மேலே சொட்டும் பிசுக்கு, பறவை எச்சம். பூச்சு சீக்கிரம் களைத்துப்போக இவ்வளவு போதும்.

முதலில், அது நிஜக் கார்பன்தானா?

ஜே.சி. ரோட்டில் ஒரு சுற்று வந்தால் 'கார்பன்' என்ற பெயரில் நாலு விதமான சரக்கு கிடைக்கும். ஒன்று, கார்பன் டிசைன் போட்ட வினைல் ஸ்டிக்கர். இன்னொன்று, பிளாஸ்டிக் மேல் தண்ணீரில் முக்கி எடுக்கும் பிரிண்ட். மூன்றாவது, உள்ளே ஃபைபர்கிளாஸ், மேலே மட்டும் ஒரு சுற்றுக் கார்பன் துணி. நாலாவதுதான் முழுக் கார்பன். மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் மெருகேற்றும் முறை ஒன்றே. ஸ்டிக்கரில் பாலிஷ் மெஷினை வைத்தால் சுருண்டு வந்துவிடும்.

கண்டுபிடிக்க ஒரு செல்போன் டார்ச் போதும். நிஜ நெசவில் வெளிச்சத்தை நகர்த்தினால் பளிச்சென்று இருந்த கட்டம் இருளும், இருண்டிருந்த கட்டம் பளிச்சிடும். ஒவ்வொரு இழைக்கட்டும் வேறு திசையில் ஓடுவதால் வருகிற ஜாலம் இது. அச்சடித்ததில் அப்படி மாறாது. அப்புறம் ஓரத்தையும் பின்பக்கத்தையும் பாருங்கள். ஓரத்தில் நகத்துக்கு ஏதாவது உயர்ந்து தட்டினால் ஸ்டிக்கர். பின்பக்கம் வெள்ளையாக நார் நாராகத் தெரிந்தால் உள்ளே ஃபைபர்கிளாஸ்.

இன்னொரு எச்சரிக்கை. சில பாகங்கள் பளபளப்பே இல்லாத மேட் ஃபினிஷில்தான் தொழிற்சாலையிலிருந்தே வரும். அதை 'மங்கியது' என்று நினைத்து பாலிஷ் போட்டால் அங்கங்கே திட்டுத் திட்டாகப் பளபளக்கும், பழைய மேட் திரும்பாது. மேட் பாகத்தைக் கழுவுங்கள், அதற்கென்று விற்கும் காப்புத் திரவமான சீலன்ட் போடுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எந்தக் கீறல் போகும், எது போகாது

பாகத்தைக் கழுவிக் காயவைத்து, கீறலின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். தண்ணீர் பட்டதும் கீறல் மறைந்தால் அது மேலாக இருக்கிறது, பாலிஷிலேயே போகும். மறையாவிட்டால் நகத்தை மெதுவாகக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டினால் ஆழம். அதை முழுசாக எடுக்க நினைக்காதீர்கள், விளிம்பை மழுங்கடித்துக் கண்ணுக்குத் தெரியாமல் செய்தால் போதும்.

வட்ட வட்டமான மெல்லிய கீறல்கள், மேலாகப் படிந்த தண்ணீர்க் கறை, லேசான வெளிறல் எல்லாம் வீட்டிலேயே சரி செய்யக்கூடியவை. மஞ்சள் நிறம் சந்தேகக் கேஸ். அது மேல் பூச்சில் இருந்தால் கொஞ்சம் குறையும், ரெசினுக்குள் இறங்கியிருந்தால் என்ன தேய்த்தாலும் போகாது. பூச்சுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகத் தெரியும் திட்டு, செதில் செதிலாக உரிவது, சிலந்தி வலை மாதிரி ஓடும் வெடிப்பு, இவற்றுக்கு பாலிஷ் மருந்தே இல்லை. அவை பெயின்டரிடம் போக வேண்டும்.

பானெட் என்றால் கூடுதலாக ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு ரூபாய் நாணயத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கணீரென்று கேட்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் பொத்தென்று கேட்டால், உள்ளே அடுக்குகள் விட்டுப்போயிருக்கலாம். லாட்ச் (பானெட் பூட்டு) அல்லது கீல் பக்கம் அப்படி இருந்தால் அழகு வேலையைத் தள்ளிப்போட்டு, கம்போசிட் (இழையும் ரெசினும் சேர்ந்த கூட்டுப்பொருள்) வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஓடும்போது பானெட் திறந்துகொள்வது சின்ன விஷயம் இல்லை.

பூச்சின் தடிமனை அளக்க ஒர்க்‌ஷாப்பில் கேஜ் இருக்குமே என்று கேட்பீர்கள். அங்கே புழங்கும் கேஜ்கள் பெரும்பாலும் இரும்பு, அலுமினியத்துக்கானவை. கார்பன் மேல் அவற்றின் கணக்கை நம்ப முடியாது. ஒலி அலையால் அளக்கும் அல்ட்ராசோனிக் வகை வேண்டும், அது விலை அதிகம். மீட்டர் இல்லாமல்தான் நாம் வேலை செய்யப் போகிறோம். அதனால்தான் இந்தக் கட்டுரை முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் போகச் சொல்கிறேன்.

கழுவுதல்

இங்கே கழுவுவதற்கே ஒரு சட்டச் சிக்கல் உண்டு. 2024 மார்ச்சில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தபோது, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூரு குடிநீர் வாரியம் அறிவித்தது. பல அபார்ட்மென்ட்களில் பார்க்கிங்கில் ஹோஸ் பிடிக்கவே விடுவதில்லை. பரவாயில்லை, ஒரு ஸ்பாய்லருக்கும் இரண்டு மிரர் கவருக்கும் அரை வாளி போதும். ரின்ஸ்லெஸ் வாஷ் என்று விற்கும், பிறகு அலசத் தேவையில்லாத திரவத்தைக் கலந்து, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் ஒரே திசையில் துடைத்து, ஒவ்வொரு துடைப்புக்கும் துணியின் புதுப் பக்கத்தைத் திருப்புங்கள். பாத்திரம் தேய்க்கும் சோப்பு வேண்டாம். பழைய மெழுகை அது எடுக்கும்தான், ஆனால் அடிக்கடி போட்டால் பூச்சுக்குப் போட்ட காப்பு எல்லாம் போய்விடும்.

ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கார் கழுவுவது நம் வீடுகளில் நல்ல பழக்கமாகிவிட்டது. டயருக்கும் தரைக்கும் சரி, கார்பன் மேல் கடைசியாக ஊற்றுவது அதுவாக இருக்கக் கூடாது. வடிகட்டிய உப்பு அத்தனையும் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. காய்ந்ததும் வெள்ளை வட்டமாக உட்கார்ந்துவிடும். கடைசித் துடைப்புக்கு மட்டும் ஆர்.ஓ.வின் நல்ல தண்ணீரோ, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே தண்ணீர்க் கறை இருந்தால், வெள்ளை வினிகரும் டிஸ்டில்டு தண்ணீரும் சம அளவு கலந்து, நிழலில், ஒன்றிரண்டு நிமிடம் ஈரத்துணியோடு வைத்திருந்து கழுவிவிடுங்கள். காய விடக் கூடாது. பாதிக் கறை இதிலேயே போகும், தேய்க்க வேண்டிய வேலையும் குறையும். அப்புறம் க்ளே பார், அதாவது ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் மாதிரிக் கட்டி. சோப்புத் தண்ணீரோ லூப்ரிகன்ட்டோ தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் வழுக்கவிடுங்கள். க்ளே கீழே விழுந்தால் எடுத்துத் துடைத்துப் பயன்படுத்தாதீர்கள், தூக்கிப் போடுங்கள்.

மெஷின், பேட், பாலிஷ்

சாமான்கள் அதிகம் இல்லை. டி.ஏ. என்று சொல்லப்படும், சுழன்றுகொண்டே அதிரும் டூயல் ஆக்‌ஷன் பாலிஷர், அதற்கு 5 அங்குல நுரை பேட்கள் (மென்மையானது இரண்டு, நடுத்தரம் இரண்டு), மெல்லிசாகத் தேய்க்கும் ஃபினிஷிங் பாலிஷ் ஒரு பாட்டில், அதைவிடக் கூடுதலாகத் தேய்க்கும் மீடியம் கட் பாலிஷ் ஒரு பாட்டில், மாஸ்கிங் டேப், நல்ல மைக்ரோஃபைபர் துணி ஒரு கட்டு. எஸ்.பி. ரோடு, ஜே.சி. ரோடு பக்கம் இவை கிடைக்கும். பழைய ஒர்க்‌ஷாப்களில் இருக்கும் ஒரே திசையில் சுழலும் பஃபிங் மெஷினைப் புதியவர்கள் தொட வேண்டாம். அது ஒரே இடத்தில் நின்று சூடேற்றும். கையால் போட்டுக் காயவைத்த ரெசின் பாகங்கள் பல 60, 70 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். ஓரத்தில் அந்த மெஷின் நின்றால் பூச்சு தேய்ந்து கீழே நெசவு தெரிந்துவிடும்.

சூடு விஷயத்தில் இன்னொன்று. கறுப்புப் பாகம் வெயிலில் நின்றால் கை வைக்க முடியாத அளவு சுடும். நிழலில் நிறுத்தி, புறங்கையில் தொட்டுப் பார்த்துக் குளிர்ந்திருந்தால் மட்டும் ஆரம்பியுங்கள். அடித்தளப் பார்க்கிங் இருட்டாக இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம், அது நமக்கு நல்லதுதான். இருட்டில் ஒரே ஒரு டார்ச் வெளிச்சத்தில் தெரியும் கீறல், டியூப்லைட் வரிசையில் தெரியாது.

முதலில் ஓரங்களுக்கும் எழும்பி நிற்கும் கோடுகளுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கிளியர் கோட் அடிக்கும்போது ஈரப் பூச்சு ஓரத்திலிருந்து விலகி வழிந்துவிடும், அதனால் அங்கே படிவது எப்போதும் மெல்லிசாக இருக்கும். பூச்சு தேய்ந்து ஓட்டையாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஓரத்தைக் கடைசியில் டேப்பை எடுத்துவிட்டு, கையால், ஃபினிஷிங் பாலிஷ் மட்டும் போட்டு நாலு தேய் தேய்த்தால் போதும்.

சரி, இப்போது சோதனை இடம். யார் கண்ணிலும் படாத மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மென்மையான பேட், ஃபினிஷிங் பாலிஷ். பேட்டில் நாலு சொட்டு, நிலக்கடலை அளவு. மெஷினை ஆன் செய்வதற்கு முன்பே பேட்டைப் பரப்பின் மேல் ஒற்றி எடுங்கள், இல்லாவிட்டால் சட்டையெல்லாம் பாலிஷ். ஸ்பீடு 2-இல் பரப்பி, 4-க்கு ஏற்றுங்கள். நொடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் வேகத்தில், ஒரு வரிசை முந்தின வரிசையின் பாதியை மூடுகிற மாதிரி, இடமிருந்து வலமாக, அப்புறம் மேலிருந்து கீழாக. மெஷினின் எடை போதும், கை அழுத்தம் கொஞ்சம் கூடினால் பேட் சுழல்வது நின்றுவிடும். பேட்டின் பின்தட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்தால் அது சுழல்கிறதா, வெறுமனே அதிர்கிறதா என்று தெரியும். நாலைந்து முறை போனதும் நிறுத்துங்கள்.

துடைத்ததும் பளபளப்பைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. பல பாலிஷ்களில் எண்ணெய் உண்டு, அது கீறலில் நிரம்பி மறைத்துவைக்கும். ரோட்டோரம் 'ரப்பிங்' போட்டுக் கொடுத்த வண்டி இரண்டு கழுவலில் பழைய கதைக்குத் திரும்புவது இதனால்தான். ஒரு பங்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலுக்கு நாலைந்து பங்கு டிஸ்டில்டு தண்ணீர் கலந்து ஸ்பிரே செய்து துடையுங்கள். இப்போது தெரிவதுதான் நிஜ நிலை.

போதும் என்று தோன்றினால் அந்த பேட், அந்த பாலிஷோடு முழுப் பாகத்தையும் முடியுங்கள். போதவில்லை என்றால் பாலிஷை மாற்றாமல் நடுத்தர பேட் போட்டுப் பாருங்கள், அதுவும் போதாவிட்டால் மீடியம் கட். கடினமானதில் ஆரம்பித்து மென்மைக்கு வருவது வேகமான வழிதான், ஆனால் எவ்வளவு பூச்சு இருக்கிறது என்று தெரியாத பாகத்தில் அந்த வேகம் யாருக்கு வேண்டும்? முழுப் பாகத்தையும் ஒன்றரை அடிச் சதுரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றாக முடியுங்கள். இரண்டு மூன்று சதுரத்துக்கு ஒருமுறை பேட்டைச் சின்ன பிரஷ்ஷால் தட்டி, காய்ந்த மாவை உதறுங்கள்.

ஸ்டீயரிங், கியர் கன்சோல் மாதிரி உள்பக்கத் துண்டுகளுக்கு மெஷினே வேண்டாம். விரலில் துணி சுற்றிக் கையால் முடித்துவிடலாம்.

வாட்டர் பேப்பர் எப்போது

நகம் லேசாக மாட்டும் கீறல், பறவை எச்சம் அரித்த வளையம், ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடு பள்ளமான பூச்சு. இந்த மூன்றுக்கும் மட்டும்தான் வாட்டர் பேப்பரை (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) யோசிப்பேன், அதுவும் பாலிஷ் தோற்ற பிறகு.

பேப்பரின் சொரசொரப்பை எண்ணால் சொல்வார்கள், எண் கூடக் கூட மென்மை. 2000-இல் ஆரம்பித்து 3000-இல் முடிப்பது புதியவருக்குப் பாதுகாப்பு. 1500-க்குக் கீழே போக வேண்டிய நிலை என்றால் அது வீட்டு வேலை இல்லை. பேப்பரைக் கால் மணி நேரம் தண்ணீரில் ஊறவையுங்கள், தண்ணீரில் ஒரு சொட்டு ஷாம்பூ. பேப்பரை விரலால் நேரடியாக அழுத்தாமல் சின்ன நுரைக் கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள், விரல் அழுத்திய இடத்தில் வாய்க்கால் விழும். பத்துத் தேய்ப்புக்கு ஒருமுறை நிறுத்தி, வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் வருவது வெள்ளைப் பால் மாதிரி இருக்கும்வரை நீங்கள் பூச்சில்தான் இருக்கிறீர்கள். சாம்பலோ கறுப்போ தெரிந்தால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். அது கார்பன் இழை. இழை ஒன்றின் தடிமன் சுமார் 7 மைக்ரான்தான். அறுந்த இழையை எந்த பாலிஷாலும் ஒட்டவைக்க முடியாது, மேலே ரெசினோ கிளியரோ ஏற்றித்தான் மூட வேண்டும்.

2000-இல் ஒரு திசை, 3000-இல் அதற்குக் குறுக்குத் திசை. முந்தின கோடுகள் எல்லாம் மறைந்தால்தான் அடுத்தது. கடைசியில் ஒன்றிரண்டு பள்ளம் பளபளவென்று மிச்சம் நிற்கும். அதைத் துரத்தாதீர்கள். ஆறடி தள்ளி நின்றால் தெரியாத புள்ளிக்காக முழுப் பரப்பையும் இன்னும் கீழே இறக்குவது நஷ்டம். 3000-க்குப் பிறகு மீடியம் கட், அப்புறம் ஃபினிஷிங்.

இந்த வேலைக்கு என்95 மாஸ்க், நைட்ரில் கையுறை, முழுக்கைச் சட்டை அவசியம். காய்ந்த நிலையில் எதையும் தேய்க்காதீர்கள். கார்பன் தூள் தோலில் ஏறினால் அரிக்கும், மூச்சுக்குள் போகக் கூடாது. அது மின்சாரமும் கடத்தும், ஆகவே பானெட்டைத் திறந்துவைத்து பேட்டரி, ஃபியூஸ் பாக்ஸுக்கு மேலே தேய்க்க வேண்டாம். முடிந்தால் பாகத்தைக் கழற்றிக் கீழே வைத்து வேலை பாருங்கள். முதுகுக்கும் நல்லது.

மஞ்சளும் உரிதலும்: பெயின்டரிடம் என்ன கேட்பது

கார்பன் கூட்டுப்பொருள் இந்த ஊருக்குப் புதுசு இல்லை. 2001 ஜனவரி 4-இல் இதே பெங்களூரில் முதன்முதலாகப் பறந்த தேஜஸ் போர் விமானத்தின் இறக்கை கார்பன் கூட்டுப்பொருள்தான். அங்கே ரெசின் மஞ்சளாவதைப் பற்றி யாரும் அலட்டிக்கொள்வதில்லை, மேலே சாம்பல் பெயின்ட் அடித்து மூடிவிடுகிறார்கள். நெசவு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று அடம்பிடிக்கிற கார்க்காரர்களுக்குத்தான் இந்தத் தலைவலி முழுக்க.

பழைய கிளியரைத் தேய்த்து எடுத்துப் புதிதாக அடிப்பதுதான் வழி. அதை வீட்டில் ஸ்பிரே கேனில் செய்யச் சொல்ல மாட்டேன். ஹார்டனர் கலக்கும் 2கே கிளியரில் ஐசோசயனேட் என்ற நச்சு வேதிப்பொருள் இருக்கிறது, அதன் புகைக்குத் தூசி மாஸ்க் காவல் இல்லை. நல்ல பூத் (பெயின்ட் அடிக்கும் மூடிய அறை) வைத்திருக்கும் பெயின்டரிடம் கொடுங்கள். இந்த ஊரில் தமிழ் பேசும் மேஸ்திரி கிடைப்பது கஷ்டம் இல்லை, கிடைத்தாலும் சில கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். "அண்ணா, 2கே கிளியர்தானே, யுவி தாங்குமா?" என்பது முதல் கேள்வி. வெறும் தின்னர் லாக்கர் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். "பட்டி எங்கேயும் போடமாட்டீங்களே?" என்பது இரண்டாவது. கண்ணுக்குத் தெரியும் நெசவின் மேல் பட்டி வைத்தால் திட்டாகத் தெரியும். குழியை கிளியராலோ தெளிவான எபாக்ஸியாலோதான் நிரப்ப வேண்டும். மூன்றாவது, பூத்தில் எவ்வளவு சூடு வைப்பார்கள் என்பது. கடையில் வாங்கிய பாகம் என்றால் 60 டிகிரிக்குக் கீழேயே வைக்கச் சொல்லுங்கள், அதிகம் போனால் நெசவு மேலே புடைத்துத் தெரியும், பாகம் வளையவும் கூடும். காற்றில் காயவிட்டாலும் சரிதான், இரண்டு நாள் கூடுதலாக ஆகும்.

மழைக்காலத்தில் இந்த வேலையைக் கொடுக்காமல் இருப்பது நல்லது. ஈரக் காற்றில் கிளியர் பால் பூத்த மாதிரி வெளுக்க வாய்ப்பு உண்டு. ஜனவரி, பிப்ரவரி இங்கே நல்ல வறண்ட காலம்.

மேலே என்ன போடுவது

பாலிஷ் முடித்த பாகத்துக்கு அன்றைக்கே மெழுகோ சீலன்ட்டோ போடலாம். மெழுகு இரண்டு மூன்று மாதம் தாங்கும், சீலன்ட் அதைவிடக் கூடுதல் நாள். செராமிக் கோட்டிங் போட்டால் தண்ணீர் உருண்டோடும், கழுவுவது சுலபம். ஆனால் கல் அடியை அது தடுக்காது, விற்கிறவர்கள் என்ன சொன்னாலும் சரி. ஹைவேயில் ஓசூர், சேலம் என்று அடிக்கடி போய்வருகிறவர் என்றால் பானெட்டின் முன்பக்கத்துக்கு பி.பி.எஃப். என்ற, பெயின்ட்டைக் காக்கும் ஒளி ஊடுருவும் ஃபிலிம்தான் சரி. யுவி தடுப்பு உள்ள ஃபிலிமா என்று கேட்டு வாங்குங்கள்.

புதிதாக கிளியர் அடித்த பாகமாக இருந்தால் பொறுங்கள். உள்ளே இருக்கும் கரைப்பான் முழுக்க வெளியேற வேண்டும். கிளியர் கம்பெனி டப்பாவில் போட்டிருக்கும் நாள் கணக்கைப் பாருங்கள், காற்றில் காயவைத்தது என்றால் வழக்கமாக ஒரு மாதம் விடுவார்கள். அதுவரை வெறும் தண்ணீர்த் துடைப்பு மட்டும். பூச்சு ஏற்கெனவே செதிலாக ஆரம்பித்திருந்தால் அதை மறைக்க மேலே ஃபிலிம் ஒட்டிவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். ஒட்டும்போது அழகாகத்தான் இருக்கும். இரண்டு வருடம் கழித்து ஃபிலிமை உரிக்கும்போது மிச்சமிருக்கும் கிளியரும் அதோடு சேர்ந்து வந்துவிடும்.